அணைந்த உலைகளில் எழுதிய ஒளி



ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் முதலில் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வருவார்கள். அடுத்து மனை போடுகிறவர்கள் வருவார்கள். இந்த இரு தரப்பாருக்கும் தப்பி நின்ற சில ஆலைகளுக்குக் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்றாவதாகக் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் கொண்டுவந்தது விளக்கு. சிலர் விளக்கோடு சொற்களையும் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் குழாயை வளைத்து எழுதினார்கள். சுவரின் மேல் எழுத்துகளைப் பாய்ச்சினார்கள். புகைபோக்கியில் எண்களை ஏற்றினார்கள். இன்று அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்ட ஆலைக்குள் ஏற்றப்படும் ஒளிக்கு ஒரு கடமை இருக்கிறது. அங்கே நடந்த வேலையை அது நமக்குக் காட்ட வேண்டும். ஆலையை அழகிய பின்திரையாக மட்டும் மாற்றிவிடும் ஒளி, அங்கே உழைத்தவர்களை இரண்டாம் முறையாக வெளியே அனுப்புகிறது. ஒளியோடு எழுத்து சேரும்போது இந்தக் கடமை இன்னும் கனக்கிறது. வண்ண வெளிச்சத்துக்கு மொழி கிடையாது. எழுத்துக்கு மொழி உண்டு, எழுதியவர் உண்டு, படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் என்ற பிரிவும் உண்டு. யாருடைய சொல் யாருடைய சுவரில் எரிகிறது என்று கேட்காமல் இந்தக் கலையைப் பார்க்க முடியாது.

ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். நிலக்கரியும் எஃகும் சேர்ந்து வளர்த்த நிலம் அது. ஊர்களுக்கு இடையே எல்லை தெரியாத அளவுக்குச் சுரங்கமும் உலையும் குடியிருப்பும் பின்னிக் கிடந்தன. எம்ஷர் ஆறு நெடுங்காலம் திறந்த சாக்கடையாகவே ஓடியது. 1980களில் ஐரோப்பாவில் தேவைக்கு மீறி எஃகு உற்பத்தியானபோது உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. டூயிஸ்பர்க் நகரின் மைடரிஹ் இரும்பாலை 1985இல் நின்றது. எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பக்கத்திலிருந்த கல்கரி ஆலை 1993 வரை தாக்குப்பிடித்தது. ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் பொட்ராப் நகரில் மூடப்பட்டது 2018 டிசம்பரில்தான். ஜெர்மனிக்கே அதுதான் கடைசி.

1989 முதல் 1999 வரை கார்ல் கன்ஸர் தலைமையில் அந்த நிலத்தைச் சீரமைக்கும் பெருந்திட்டம் ஒன்று நடந்தது. ஆலைகளை இடிக்காமல் வைத்துக்கொள்வது என்ற துணிச்சலான முடிவு அதற்குள் இருந்தது. மைடரிஹ் ஆலையை இடிக்கும் பேச்சு எழுந்தபோது உள்ளூர் மக்களே எதிர்த்து நின்றார்கள். நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் அதைப் பூங்காவாக்கினார். தாதுக் கிடங்குகளின் சுவர்களுக்கிடையே செடிகொடிகளை வளரவிட்டார். ஊதுலையின் உச்சிவரை யாரும் ஏறிப் பார்க்க வழி செய்தார். 1996இல் ஜோனதன் பார்க் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அதற்கு ஒளியமைத்தார். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 'தி வால்' நிகழ்ச்சிக்கு மேடை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். சிவப்பு, பச்சை, நீலம் என இரவில் அந்த உலைகள் பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரியும்.

அதன் அழகை மறுக்க முடியாது. மக்கள் இரவில் ஓர் உலையைத் தேடி வந்தார்கள் என்பதே பெரிய சாதனை. ஆனாலும் பச்சை விளக்கில் குளித்த ஊதுலை எதைச் சொல்கிறது? அங்கே என்றைக்கும் எதுவும் பச்சையாக எரிந்ததில்லை. அது மேடைக்கான ஒளி. எந்தக் கட்டடத்தின் மேல் பாய்ச்சினாலும் அதே அளவுக்கு அழகாக இருந்திருக்கும்.

சோல்ஃபெரைன் கல்கரி ஆலைக்கு 1999இல் ஸ்பியர்ஸ், மேஜர் என்ற இரு பிரிட்டிஷ் ஒளி வடிவமைப்பாளர்கள் செய்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் உலை வரிசைக்குச் சிவப்பு ஒன்றையே தேர்ந்தார்கள். நிலக்கரியைக் காற்றுப் படாமல் ஆயிரம் பாகைக்கு மேல் வாட்டிக் கல்கரியாக்குவது அந்த ஆலையின் தொழில். வாட்டி முடிந்ததும் உலைக் கதவைத் திறந்து, தகதகக்கும் பாளத்தை வெளியே தள்ளுவார்கள். அந்த நேரத்தில் எழும் சிவப்பு வானத்தில் தெரியும். ரூரின் இரவு வானம் பல தலைமுறைகளுக்குச் சிவந்தே கிடந்தது. அந்தச் சிவப்பைத்தான் இருவரும் திருப்பிக் கொடுத்தார்கள். அரைக் கிலோமீட்டரைத் தாண்டி நீளும் உலை வரிசையில் நெருப்பு இல்லை, நெருப்பின் நிறம் இருக்கிறது. அங்கே வேலை செய்த ஒருவர் அதைப் பார்த்தால் விளக்கம் கேட்க மாட்டார். ஒரு நிறத்தைச் சரியாகத் தேர்ந்தாலே அதுவும் ஒருவகை எழுத்துதான் என்பேன்.

எழுத்துக்கே வருவோம். ரூர் பகுதியின் கிழக்கு ஓரத்தில், டார்ட்மண்டுக்குப் பக்கத்தில், ஊனா என்ற ஊர் இருக்கிறது. அங்கே லிண்டன் என்ற பெயரில் பீர் ஆலை ஒன்று இயங்கியது. 1979இல் அது மூடப்பட்டது. 2001இல் அதன் நிலவறைகளில் பன்னாட்டு ஒளிக்கலை மையம் திறக்கப்பட்டது. ஒளிக்கலைக்கென்றே தனியாக அமைந்த அருங்காட்சியகம் அது. ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போக வேண்டும். குளிர்க் கிடங்குகள், நொதித்தல் தொட்டிகள், வளைவுக் கூரைகள், ஈரம் கசியும் செங்கல். அறைக்கு ஒன்றாகப் படைப்புகள்: ஜேம்ஸ் டரல், ஒலாஃபுர் எலியாசன், கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி, கிறிஸ்டினா குபிஷ், ரெபெக்கா ஹார்ன் என்று இத்துறையின் பெரிய பெயர்கள் பலவும் அங்கே இருக்கின்றன.

ஒளிக்கலைக்கு ஏன் ஒரு பீர் ஆலையின் நிலவறை? இருட்டு கிடைக்கும் என்பது எளிய பதில். அதைவிட ஆழமான ஓர் உறவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

ஜெர்மனியின் லாகர் வகை பீர் குளிரில் நொதிக்க வேண்டும். மாதக்கணக்கில் குளிரிலேயே முதிர வேண்டும். அதனால்தான் நிலவறை தோண்டினார்கள். குளிர்காலத்தில் ஏரிகளிலும் குளங்களிலும் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினார்கள். குளிர்காலம் சூடாகப் போனால் அந்த ஆண்டு பீருக்குத் திண்டாட்டம். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1870களில் கார்ல் ஃபான் லிண்ட என்ற பொறியாளர் பீர் ஆலைகளுக்காகக் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். குளிரை உண்டாக்கும் அந்த வித்தையிலேயே மேலும் மேலும் போய், 1895இல் காற்றையே திரவமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹாம்ப்சனும் அத்தகைய முறையைக் கண்டார். திரவமான காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கிப் பிரித்தபோதுதான் 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் நியான் என்ற வாயுவைக் கண்டுபிடித்தார்கள். குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியதும் அது செக்கச்செவேலென்று எரிந்தது. பிரான்சில் ஜார்ஜ் கிளோத் காற்றைத் திரவமாக்கும் தொழில் நடத்தினார். அதில் உபரியாகக் கிடைத்த நியானை என்ன செய்வது என்று யோசித்தவர் 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் விளக்கைக் காட்டினார். கடைப் பலகைகளில் எரியும் எழுத்துகளின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

ஆக, பீரைக் குளிர வைக்கப் புறப்பட்ட தொழில்நுட்பத்தின் வழியில்தான் நியானும் கிடைத்திருக்கிறது. ஊனாவின் நிலவறையில் எரியும் நியான் எழுத்து அங்கே விருந்தாளியாக வரவில்லை. அந்தத் தொழிலின் வம்சத்தில் பிறந்தது அது.

அமெரிக்காவில் நியான் எழுத்தைக் கலைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான புரூஸ் நௌமனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1960களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவில் பழைய மளிகைக் கடை ஒன்று அவருடைய பணியிடமாக இருந்தது. அதன் சன்னலில் பீர் விளம்பர நியான் பலகை தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அதே கடை சன்னலில் தன் சொற்களைச் சுருளாக வளைத்து எரியவிட்டார். விளம்பரம் பேசிய மொழியில் ஒரு மனிதர் தனக்குள் எழுந்த கேள்வியை எழுதினார். இந்தத் துறையின் பிறப்பிலேயே கைவிடப்பட்ட கடையும் பீரும் சேர்ந்திருக்கின்றன.

ஊனாவின் நொதித்தல் தொட்டிகளில் ஜோசப் கொசுத் ஒரு படைப்பை நிறுவியிருக்கிறார். 'சொல்லின் கையொப்பம் (ஒளியும் இருளும்)' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். 1945இல் அமெரிக்காவில் பிறந்தவர் கொசுத். இருபது வயதிலேயே நீல நியானில் ஐந்து சொற்களை எழுதி, அச்சொற்களும் 'நீல நியானில் ஐந்து சொற்கள்' என்றே இருக்கும்படி செய்தவர். கருத்துதான் கலை, பொருள் அதன் வண்டி என்று நம்பும் மரபின் தலைமகன். ஊனாவுக்கு அவர் எடுத்துக்கொண்ட வரிகள் ஹைன்ரிஹ் ஹைன் எழுதியவை. ஹைன் பிறந்த டூசல்டார்ஃப் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பாரிஸில் அகதியாக வாழ்ந்து அங்கேயே இறந்த கவிஞர் அவர். 1933இல் நாஜிகள் எரித்த புத்தகங்களில் அவருடையவையும் இருந்தன. எரிக்கப்பட்ட எழுத்து, எரியும் எழுத்தாக ஒரு நிலவறையில் திரும்பியிருக்கிறது என்று நினைக்கும்போது உள்ளே ஏதோ அசைகிறது.

அசைந்தாலும் ஒரு மனக்குறை எனக்கு உண்டு. 1844இல் சிலேசியாவின் நெசவாளர்கள் பசியில் கிளர்ந்தபோது அவர்களுக்காகப் பாடியவரும் இதே ஹைன்தான். பிரஷ்ய அரசு அந்தக் கவிதைக்குத் தடை போட்டது. உழைப்பாளர்கள் இறங்கி ஏறிய ஓர் ஆலையில் ஹைனுக்கு இடம் கொடுக்கும் கலைஞர், நெசவாளர்களின் ஹைனையும் அழைத்திருக்கலாம். கொசுத்தின் நாட்டம் மொழியின் இயல்பில் இருக்கிறது. அது அவர் வழி. அந்தத் தொட்டியைக் கழுவிய கைகளின் இயல்பையும் மொழியோடு சேர்த்து எண்ணியிருந்தால் படைப்பு இன்னும் ஓர் அடி ஆழம் இறங்கியிருக்கும்.

அதே மையத்தில் மிஷா குபால் செய்திருப்பது வேறு வகை. கண்ணாடிச் சில்லுகள் பதித்த மூன்று உருண்டைகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் மூன்று சொற்கள் ஒளியாக வீசப்படுகின்றன: ஸ்பேஸ், ஸ்பீச், ஸ்பீட். வெளி, பேச்சு, வேகம். சில்லுகள் அந்தச் சொற்களை உடைத்து எழுத்து எழுத்தாக அறை முழுவதும் சிதறடிக்கின்றன. சுவரிலும் கூரையிலும் நம் சட்டையிலும் எழுத்துகள் ஓடுகின்றன. ஒரு சொல்லைக்கூடப் பிடித்துப் படிக்க முடியாது. படிக்க முடியாமை என்பது ஒரு கலைஞர் தற்செயலாகத் தேர்ந்த உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. ரூரின் சுரங்கங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போலிஷ் பேசுகிறவர்கள் பெருங்கூட்டமாக வந்தார்கள். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு செய்துகொண்ட ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியர்கள் வந்தார்கள். எச்சரிக்கைப் பலகைகள் அவர்களைச் சுற்றிலும் இருந்தன. எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் பிடிபடவில்லை. குபால் இதை எண்ணித்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் நிற்கும் எவருக்கும் அந்நிய மொழிக்குள் முதல் நாள் வேலைக்குப் போனவரின் தத்தளிப்பு சில நிமிடங்களுக்காவது வாய்க்கிறது. அந்த மனிதர்களின் மொழிகளிலும் ஒளி எழுத வேண்டும் என்பது என் ஆசை.

நிலவறையிலிருந்து மேலே வந்தால் ஆலையின் புகைபோக்கி நிற்கிறது. அதில் நீல ஒளியில் எண்கள்: ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று ஏறிக்கொண்டே போகின்றன. இத்தாலியக் கலைஞர் மாரியோ மெர்ட்ஸின் படைப்பு. பாசிச எதிர்ப்பாளராக இளமையில் சிறையிலிருந்தபோது வரையத் தொடங்கியவர் அவர். 1970 முதல் இந்த எண்வரிசையைக் கைவிடவில்லை. பின்லாந்தின் துர்க்கு நகரில் மின்நிலையப் புகைபோக்கி ஒன்றில் 1994இல் இதே வரிசையை ஐம்பத்தைந்து வரை ஏற்றினார். தூரின் நகரின் உயர்ந்த குவிமாடத்திலும் அவருடைய எண்கள் எரிகின்றன. ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. பைசா நகரத்து லியனார்தோ 1202இல் எழுதிய கணித நூலில் முயல்கள் பெருகும் கணக்காக இது வருவதால் ஐரோப்பா இதற்கு அவருடைய செல்லப்பெயரான ஃபிபொனாச்சி என்பதைச் சூட்டியது.

இந்த அவையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லியனார்தோவுக்கு முன்பே இந்திய யாப்பியலார் இந்த வரிசையை அறிந்திருந்தார்கள். ஒரு மாத்திரை லகுவையும் இரண்டு மாத்திரை குருவையும் கொண்டு குறிப்பிட்ட மாத்திரை அளவுள்ள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டு மாத்திரைக்கு இரண்டு விதம், மூன்றுக்கு மூன்று, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு. விரஹாங்கர் இதைச் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தெளிவாக எழுதினார். புகைபோக்கியில் ஏறும் எண்களைப் பார்த்து வளர்ச்சியின் கணக்கு என்று மெர்ட்ஸ் சொன்னால், சந்தத்தின் கணக்கு என்று நாம் சொல்லலாம். அந்தப் புகைபோக்கியில் எழுத்தே இல்லாமல் ஒரு யாப்பு எரிகிறது. புகை மேலே போன வழியில் எண்கள் மேலே போகின்றன. வேறு எங்கு வைத்தாலும் இதே வலு கிடைக்காது. உற்பத்தி நின்றுபோன இடத்தில் பெருகிக்கொண்டே போகும் ஒரு வரிசையை வைப்பதில் ஒரு பிடிவாதமும் இருக்கிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ரூரை விட்டுத் தெற்கே, பிரெஞ்சு எல்லைக்கு அருகில் ஃபோல்க்லிங்கன் இரும்பாலை. 1873இல் தொடங்கி 1986இல் நின்றது. 1994இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. இங்கும் ஹான்ஸ் பீட்டர் கூன் அமைத்த வண்ண ஒளி உண்டு. நான் சொல்ல வந்தது 2018இல் போல்தான்ஸ்கி இந்த ஆலைக்குள் நிறுவிய நினைவிடத்தைப் பற்றி. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஆலையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கட்டாய உழைப்பில் தள்ளப்பட்டார்கள். ஆலை முதலாளி ஹெர்மன் ரோஷ்லிங் போருக்குப் பின் போர்க்குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டார். போல்தான்ஸ்கி வண்ணம் எதையும் கொண்டுவரவில்லை. துருப்பிடித்த ஆவணப் பெட்டிகளை இருபுறமும் உயரமாக அடுக்கினார். நடுவே கறுத்த உடைகளின் குவியல். மங்கிய ஒளி. காதருகே முணுமுணுக்கும் குரல்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகின்றன. வேறு வாசகம் கிடையாது. பெயர்கள் மட்டும்.

இத்தனை ஆலைகளில் என்னை அதிகம் தொட்டது இந்த முணுமுணுப்புதான். எழுத்து என்று நாம் சொல்வதன் அடிப்படை வேலை பெயரைக் காப்பது. வருகைப் பதிவேடு, கூலிச் சீட்டு, விபத்துப் பதிவு என்று ஓர் ஆலை எழுதியதெல்லாம் பெயர்கள்தான். போல்தான்ஸ்கி அந்தப் பதிவேட்டை வாய்க்கு மாற்றினார். இந்தப் படைப்பைப் பெயர்த்து வேறொரு நகரத்து அருங்காட்சியகத்தில் வைத்துப் பாருங்கள், உயிர் போய்விடும். கைவிடப்பட்ட ஆலையில் வைக்கும் எந்தப் படைப்பையும் இப்படி மனத்தில் பெயர்த்துப் பார்ப்பதே என் சோதனை. பெயர்த்தாலும் குறையாதது அங்கே தங்க வந்தது. பெயர்த்தால் சிதைவது அங்கேயே பிறந்தது.

இந்தச் சோதனையில் அமெரிக்காவின் ஜென்னி ஹோல்சர் எங்கே நிற்கிறார் என்று முடிவு செய்வது கடினம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆடம்ஸ் என்ற சிற்றூரில் துணிக்குச் சாயமச்சு போடும் பெரிய ஆலை ஒன்று இருந்தது. 1942இல் அது ஸ்பிராக் மின்னணு நிறுவனத்தின் கைக்குப் போனது. மின்தேக்கிகள் செய்தார்கள். உச்சத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். அந்த ஊரின் அன்றைய மக்கள்தொகையோ இருபதாயிரத்தைக்கூட எட்டாதது. 1985இல் ஆலை மூடியது. 1999இல் அதே கட்டடங்களில் மாஸ் மோகா என்ற பெரும் கலைக்கூடம் திறந்தது. கால்பந்து மைதான நீளமுள்ள அதன் ஒரு கூடத்தில் 2007இல் ஹோல்சர் ஆற்றல் மிகுந்த ஒளிவீச்சிகளை வைத்துக் கவிதை வரிகளைத் தரையிலும் சுவரிலும் கூரையிலும் ஊர்ந்துபோக விட்டார். போலந்துக் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவின் கவிதைகள். பார்வையாளர்கள் தரையில் போட்ட பெரிய மெத்தைகளில் படுத்துக் கிடந்தார்கள். வரிகள் அவர்கள் மேலேறிக் கடந்து போயின.

அந்தக் கவிதைகள் நார்த் ஆடம்ஸைப் பற்றியவை அல்ல. வேறு ஊருக்கும் இந்த அமைப்பைக் கொண்டுபோகலாம். என் சோதனைப்படி இது தங்க வந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தின் நீளம்தான் அந்த வரிகளின் நடை. இயந்திரங்களை வரிசையாக நிறுத்திய நீண்ட இடத்தில், வாசகம் அவசரமில்லாமல் ஊர்கிறது. வேலை நடந்த வேகத்துக்கு நேர் எதிரான வேகம். ஆலைக்குள் மனித உடல் படுத்துக் கிடப்பது வேலை நாட்களில் நடக்கவே முடியாத காரியம். ஹோல்சர் அதை நடத்திக் காட்டினார். என் அளவுகோலை நான் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வைத்த படைப்பு இது.

நமக்குப் பக்கத்தில் கொச்சி இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியின் கடலோரத்தில் ஆஸ்பின்வால் நிறுவனத்தின் வளாகம். 1867இல் தொடங்கிய வணிகம். மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய், பின்னாளில் கயிறு, காபி, தேயிலை, ரப்பர் என்று கப்பலேற்றிய கிடங்குகள். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிறி பினாலேவுக்கு அந்தக் கிடங்குகளே முதன்மைக் களமாயின. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் மான்ட்கோமரி அங்கே கடலைப் பார்த்தபடி ஒளியெழுத்தில் ஒரு கவிதையை நிறுவினார். படகு கரை தொடும்போது, விட்டுவந்தவர்களின் அழுகைப் பாட்டு புதிய இசையோடு கலப்பதைப் பற்றிய வரிகள். கடலைப் பார்த்து எழுதியது மிகச் சரியான முடிவு. அந்தக் கட்டடங்கள் ஊரைப் பார்த்து எழுந்தவை அல்ல; சரக்குக்காகக் கடலைப் பார்த்து எழுந்தவை. சரக்கு போன திசையிலேயே சொல்லும் போகிறது. இதையும் பெயர்த்து வைக்க முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியது எனக்கு நெருடுகிறது. அந்த மூட்டைகளைச் சுமந்தவர்கள் பேசிய மொழியில் ஒரு வரியாவது அந்த நீரில் பிரதிபலித்திருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தின் கிடங்கு ஒன்றில் சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சுரீத்தா கடல்நீரை நிரப்பினார். கால் நனைய நடந்துபோய்ச் சுவர்களில் இருந்த வரிகளைப் படிக்க வேண்டும். 2015இல் மத்தியதரைக் கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் ஒருவனுக்கு அந்தப் படைப்பு. உலகம் முழுவதும் பரவிய புகைப்படத்தில் இருந்த குழந்தைக்கல்ல, படத்தில் வராத அவன் அண்ணனுக்கு. அங்கே ஒளிர்ந்த எழுத்து எதுவும் இல்லை. என் தலைப்புக்கு அது சற்று வெளியேதான் நிற்கிறது. இருந்தும் சொல்கிறேன். படிப்பதற்கு உடம்பும் ஒரு விலை கொடுக்க வேண்டும் என்பதை இதைவிட நேராகச் சொன்ன படைப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

இனி, இந்த எழுத்துகளைச் செய்கிறவர்களிடம் வருகிறேன். பெரும்பாலான கலைஞர்கள் நியான் குழாயைத் தாங்களே வளைப்பதில்லை. வாசகத்தையும் எழுத்துருவையும் கொடுப்பார்கள். குழாய் வளைக்கும் தொழிலாளி அதைச் செய்வார். தீச்சுவாலையின் மேல் கண்ணாடியை உருட்டி உருட்டி இளக்கி, மறுமுனையில் ரப்பர்க் குழாய் வழியே மெல்ல ஊதிக்கொண்டே வளைக்க வேண்டும். ஊதாவிட்டால் வளைவில் குழாய் நசுங்கிவிடும். இளகிய கண்ணாடி சில நொடிகள்தான் காத்திருக்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் குழாய் தொடர்ந்து ஓடும். அந்த இடத்தைக் கறுப்புச் சாயம் பூசி மறைப்பார்கள். மாதிரித் தாளில் வாசகம் இடவலம் மாறித்தான் வரையப்பட்டிருக்கும், ஏனென்றால் குழாயைப் பின்புறமிருந்து வளைக்கிறார்கள். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்தவர் தலைகீழ் எழுத்தை விரலால் படித்ததுபோல இவரும் சொற்களைத் திருப்பிப் போட்டே அறிந்தவர். பிறகு மின்முனை பொருத்தி, அதிக மின்னோட்டம் செலுத்திச் சூடேற்றிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிய மாசுகளை விரட்டி, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, வாயுவை நிரப்பி மூட வேண்டும். சிவப்புக்குத்தான் நியான். மெர்ட்ஸின் எண்களில் எரியும் அந்த நீலத்துக்கு ஆர்கானும் ஒரு துளிப் பாதரசமும். வெள்ளைக்குக் குழாயின் உட்புறம் ஒளிரும் பொடி பூசுவார்கள்.

இந்தத் தொழிலும் இப்போது மூடப்படும் தொழிலாகிவிட்டது. கடைப் பலகைகளை எல்.இ.டி. பட்டைகள் பிடித்துக்கொண்டன. ஹாங்காங்கின் தெருக்களில் பந்தலிட்டதுபோல் தொங்கிய நியான் பலகைகள் பாதுகாப்பு விதிகளால் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டன. அவற்றை வளைத்த கைகள் சிலதான் மிஞ்சியிருக்கின்றன. குழல்விளக்கை வைத்துப் படைத்தவர்களுக்கும் இதே கதி. பாதரசத்தின் பொருட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வழக்கமான குழல்விளக்குகளைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்தியது. அந்த விளக்குகளால் ஆன படைப்புகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் மாற்று விளக்கைச் சேமித்து வைக்கின்றன. சேமிப்பு தீர்ந்தால் எல்.இ.டி.யால் போலச்செய்யலாமா, அது அதே படைப்புதானா என்று காப்பாளர்கள் விவாதிக்கிறார்கள். பாதரசம் நஞ்சு, விதியைக் குறை சொல்ல மாட்டேன். குழாய் வளைக்கும் கையைப் பற்றித்தான் என் கவலை. விளக்கைச் சேமித்து வைக்கலாம். கையைச் சேமிக்க ஒரே வழி இன்னொரு கைக்குக் கற்றுக்கொடுப்பது.

அதனால் அருங்காட்சியகங்களிடமும் ஒளிவிழா நடத்துகிறவர்களிடமும், நாளை இத்துறைக்கு வரப்போகும் இந்த அவையின் மாணவர்களிடமும் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒரு பழைய ஆலையில் எழுத்தை ஏற்ற நினைத்தால், முதலில் அந்த ஆலையின் வருகைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எழுதவேண்டிய சொற்களும் எழுதவேண்டிய மொழிகளும் பெரும்பாலும் அதில் கிடைக்கும். அடுத்தது, படைப்புக்குப் பக்கத்தில் வைக்கும் விவரப் பலகை. கலைஞரின் பெயர், ஆண்டு, பயன்பட்ட பொருட்கள், கொடையாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. பொருட்கள் என்ற இடத்தில் 'நியான், கண்ணாடி, மின்மாற்றி' என்று எழுதும்போது, அந்தக் கண்ணாடியை நெருப்பில் பிடித்து ஊதி வளைத்தவர் யார் என்பதையும் அதே அளவு எழுத்தில், கலைஞரின் பெயருக்கு அடுத்த வரியில் போடுங்கள். ஊனாவிலும் போடலாம், கொச்சியிலும் போடலாம். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.